கால்வாய்க் கம்பியில் உங்கள் முடிச்சு

அக்கா,

சூடான சாம்பாரைப் புது பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டி வைத்தால், அவிழ்க்கும்போது ஒரு வாடை வரும். கொத்தமல்லி வாசத்துக்கு அடியில், வெயிலில் கிடந்த மழைக்கோட்டு போல ஒன்று. இன்று காலை உங்கள் மருமகள் செல்வி கொடுத்தனுப்பிய பையை அவிழ்த்தபோது அந்த வாடை வந்தது. இட்டிலியைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "பசியாறலையா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பசி இல்லை. பயம்தான்.

வெளியே வானம் மூடிக் கிடந்தது. புக்கிட் கட்டில் குன்றுப் பக்கம் கறுத்து, காற்று நின்று போயிருந்தது. மாலையில் கடல் ஏறி, கால்வாய்த் தண்ணீரை வெளியே விடாமல் தடுக்கும் நாள் இது. மேகமும் கடலேற்றமும் பையும் ஒரே நாளில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று மெலாக்காவின் இந்தக் கஜா பெராங் தெருவில் நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அவர்களில் நீங்கள் காலமாகிவிட்டீர்கள். உங்கள் வீட்டுக்காரர், அண்ணன் மட்டும் அதே முன்னறையில், அதே தாழ்ந்த கட்டிலில், இடது பக்கம் முழுக்க உணர்வற்றுப் படுத்திருக்கிறார்.

மெர்டேக்கா என்று சுதந்திரத்துக்குத் தெருவெல்லாம் காகிதக் கொடி கட்டிய வருடத்தில்தான் நாங்கள் உங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தோம். கல்லூரியில் பயிற்சி முடித்து எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. சமைக்கத் தெரியாது. முதல் நாள் காலை, தூக்குச்சட்டியோடு உங்கள் பின்கட்டு வாசலில் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் தூக்கும் கிண்ணமும் வைத்துக்கொண்டு நின்றார்கள். நீங்கள் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பாத்திரத்தைப் பார்த்தே ஆளைச் சொன்னீர்கள்.

"இந்த நசுங்குன தூக்கு போஸ்ட்டாபீஸ்காரரோடது. பச்சப் பூப்போட்ட மங்கு பாக்கியத்தோடது. இது யாருடா புதுசு? பளபளன்னு இருக்கு, கல்யாணச் சீரா?"

"நான் பக்கத்து வீடு, டீச்சர்" என்றேன்.

"டீச்சரா? அப்ப சட்னி கேக்காம வாங்கிட்டுப் போங்க. பாடம் நடத்துறவங்களுக்குத் தொண்டை கட்டிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சட்னி வைத்துத்தான் கொடுத்தீர்கள்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. வாங்கிய பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். நம்மவர்கள் ஒரு பிடி சீனியோ இரண்டு மிளகாயோ போட்டுத் தருவார்கள். மறுபக்கத்து வீட்டுப் பாக்கியம் சிட்டிப் பெண், அந்தக் காலத்திலேயே இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர் வழி. மலாயில்தான் பேசுவாள், நடுநடுவே தமிழ் வரும். அவள் வீட்டிலிருந்து உங்கள் கிண்ணம் திரும்பும்போது வாழையிலையில் சுருட்டிய ஒரு பலகாரம் அதில் இருக்கும். அந்த நாட்களில் உங்கள் சமையலறையிலிருந்து எதுவும் தெருவுக்குப் போய்த் தொலைந்ததாக எனக்கு நினைவில்லை. இலை மாட்டுக்குப் போகும். பாத்திரம் உங்களிடம் திரும்பி வரும்.

பிளாஸ்டிக் பை வந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து. ஜாலான் பெண்டஹாராக் கடைத்தெருவுக்குப் பருப்பு வாங்கப் போன நீங்கள் ஒரு கட்டுப் பையோடு திரும்பி வந்தீர்கள். ஒன்றை உருவி, ஊதி விரித்து, சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தீர்கள்.

"பாருங்க டீச்சரு. தண்ணிய இஸ்திரி போட்ட மாதிரி இல்ல?"

எனக்கும் அது அழகாகத்தான் தெரிந்தது. மறுநாள் சாம்பாரை அதில் ஊற்றி, ராஃபியா என்கிற சிவப்பு பிளாஸ்டிக் நாரால் கட்டினீர்கள். அண்ணனுக்குக் கைகால் விழுவதற்கு முன்னால் நீங்கள் இருவரும் கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுத்தவர்கள். நீங்கள் கட்டுவீர்கள், அண்ணன் சைக்கிளில் கொண்டுபோவார். அந்தக் கை மறக்கவில்லை. இரண்டு விரலில் நாரைச் சுற்றி, உள்ளே மடித்து, ஒரு சுண்டு. மல்லிகைக்குப் போடும் அதே முடிச்சு. எத்தனை ஆட்டினாலும் அவிழாது, நுனியைப் பிடித்து இழுத்தால் உடனே அவிழும். மெலாக்காவில் பையை அப்படிக் கட்டியவர் நீங்கள் ஒருவர்தான்.

வியாபாரம் ஏறியது. தூக்கு கொண்டுவர வேண்டியதில்லை என்றதும் வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி வாங்கினார்கள். சிவப்பு நார் வெளியே தொங்க, சாம்பார்ப் பைகள் சைக்கிள் கைப்பிடிகளில் ஆடிக்கொண்டு போயின. அண்ணனுக்கு மருந்து ஒழுங்காக வந்தது. வரிசை வாசலுக்கு வெளியே நீண்டது. அந்த நாட்களில்தான் உங்களை நான் மிகவும் சந்தோஷமாகப் பார்த்தேன், அக்கா. 

பை எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. இலையைத் தூக்கி எறிந்து வளர்ந்தவர்கள் நாம். எறிந்தது மக்கிப் போகும் என்பது நம் கைக்குள்ளேயே இருந்த நம்பிக்கை. அதே வீச்சில் பையையும் எறிந்தோம்.

பிறகு ஒருநாள் மதியம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையை மடக்கக்கூட இல்லை. பாக்கியம் தன் வீட்டு வாசலில் நின்று கத்தினாள்.

"ஆயேர் நாயிக், அக்கா! ஆயேர் நாயிக்!"

தண்ணீர் ஏறுகிறது. தெருவில் ஏறும் தண்ணீரை நான் பார்த்திருக்கிறேன். இது பின்பக்கத்திலிருந்து, கால்வாயிலிருந்து வந்தது. சத்தமே இல்லாமல், கறுப்பாக, உங்கள் சமையலறைக்குள் நுழைந்து அடுப்பங்கரையைச் சுற்றி முன்னறைக்குப் போனது. உங்கள் வீடு ரோட்டைவிடத் தாழ்வு. வந்த தண்ணீருக்கு வெளியே போக வழி தெரியவில்லை.

நான் உள்ளே ஓடியபோது நீங்கள் அண்ணனைத் தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டுவிட்டது. பாய் நனைந்து கறுத்தது. அண்ணன் சத்தம் போடவில்லை. அப்போது அவருக்குப் பேச்சு சுத்தமாக வராது. அசையும் வலது கையால் சுவரைத் தடவிக்கொண்டே இருந்தார், பிடிக்க அங்கே ஏதாவது இருப்பது போல. அவர் கண் உங்களைப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்தது.

"காலைப் புடிங்க டீச்சரு! காலைப் புடிங்க!"

நான் பிடித்தேன். ஈரத்தில் வழுக்கியது. ஒருமுறை அவரைக் கீழே விட்டுவிடுவோம் என்று உறுதியாக நினைத்தேன். பாக்கியம் புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு வந்து இடுப்பில் கைகொடுத்தாள். மூவருமாக அவரை மாவாட்டும் மேடை மேல் ஏற்றினோம். அதற்கு மேல் ஏற்ற அந்த வீட்டில் உயரம் இல்லை. தண்ணீர் நம் முழங்காலைத் தாண்டியது. நீங்கள் அவர் தலையை உங்கள் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். இன்னும் ஏறினால் போக இடமில்லை. 

பாக்கியத்தின் கணவர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். ரோட்டுக்கு அடியில் போகும் குழாயின் வாயில் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. அது அடைத்துக் கிடந்தது. அவர் மார்பளவு தண்ணீரில் இறங்கி, கையை விட்டுப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். கொஞ்ச நேரத்தில் ஏதோ பெரிய வாய் உறிஞ்சுவது போல ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் இறங்க ஆரம்பித்தது.

அவர் பிடுங்கியதை உங்கள் பின்வாசலில்தான் குவித்தார். பாக்கியம் குனிந்து பார்த்தாள். அவள் வீட்டுத் தையல் மெஷின் நனைந்திருந்தது, அரிசி மூட்டை நனைந்திருந்தது. "சியாபா புன்யா கெர்ஜா நி?" என்று கத்தினாள். யார் பார்த்த வேலை இது என்று. தெருவையே பொதுவாகத் திட்டிக்கொண்டே தன் வீட்டைப் பார்க்கப் போனாள்.

நீங்கள் குவியலின் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். சேற்றில் ஊறிய பைகள். ஒன்றை எடுத்து, பாவாடையில் துடைத்து, நாரின் நுனியைப் பிடித்து இழுத்தீர்கள். உடனே அவிழ்ந்தது. இன்னொன்று. அதுவும் அவிழ்ந்தது. சிவப்பு நார் கொஞ்சமும் நிறம் மாறவில்லை. எல்லாம் உங்களுடையவை என்று நான் சொல்ல மாட்டேன். வேறு குப்பையும் இருந்தது. ஆனால் கை வைத்த இடமெல்லாம் உங்கள் முடிச்சு இருந்தது.

"நான்தான் டீச்சரு கட்டுனேன்" என்றீர்கள். "அவரு தண்ணிக்குள்ள போறதுக்கு நானே முடிச்சுப் போட்டுக் கொடுத்திருக்கேன்."

என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். அந்தப் பிடி வலித்தது. "யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. பாக்கியத்துகிட்ட சொல்லாதீங்க. அவருகிட்ட சொல்லவே சொல்லாதீங்க."

நான் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து பை கிடையாது. காரணம் கேட்டவர்களுக்கு, "பிளாஸ்டிக்குல ஊத்துனா சாம்பார் ருசி போயிடுது" என்றீர்கள். நம்பியவர்கள் குறைவு. பாங்க் குமாஸ்தா ஒருவர் வரிசையில் நின்று கேலி பேசினார்.

"மெர்டேக்கா கெடச்சு எவ்ளோ வருசமாச்சு, இன்னும் தூக்கு தூக்கிட்டு அலையணுமாக்கா? ஊரே முன்னுக்குப் போவுது லா!"

"நீங்க முன்னுக்குப் போங்க தம்பி. போறப்ப ரெண்டு கையையும் ஏந்திக்கிட்டுப் போங்க, அதுல ஊத்துறேன்."

அவர் மறுநாள் வரவில்லை. சைக்கிள்காரர்கள் பாதிப்பேர் வரவில்லை. முன்தெருவில் ஒரு கடை பையில் கட்டிக் கொடுத்தது, அங்கே போனார்கள். கையில் தூக்கோடு வந்தவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். அண்ணன் மருந்துக்கு நீங்கள் மாலையில் மாவரைத்து விற்றீர்கள். அதையும் கிண்ணம் கொண்டுவந்தவர்களுக்குத்தான்.

பயம் மட்டும் உங்களை விடவில்லை. மேகம் கறுத்தால் அடுப்பை அணைத்துவிடுவீர்கள். ஒரு மூங்கில் கழியோடு குழாய் வாய்க்குப் போய், கம்பியைக் குத்திக் குத்திப் பார்ப்பீர்கள். ஒருநாள் மழையில் உங்களோடு நின்றுகொண்டு, "இப்பதான் நீங்க பை கொடுக்கறதில்லையே, ஏன் இவ்வளவு பயம்?" என்று கேட்டேன்.

"கொடுத்ததெல்லாம் எங்க டீச்சரு? இதுல வந்தது கொஞ்சம். மிச்சம் எங்கயோ கட்டுனபடியே கெடக்கும்ல?"

 அதற்குப் பிறகு கடற்கரைக்குப் போனால் நான் அலையைப் பார்ப்பதில்லை. அலை ஒதுக்கியதைத்தான் பார்க்கிறேன். கண்ணாடி போல மின்னும் சொறிமீனா பையா என்று தூரத்திலிருந்து தெரியாது. கிட்டே போய்ப் பார்ப்பதில்லை.

மஞ்சள் காமாலை உங்களைச் சில வாரங்களில் கொண்டுபோய்விட்டது. உங்கள் மகன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவன். அடுப்பு செல்வியிடம் வந்தது. நல்ல பெண், அக்கா. அண்ணனைக் குளிப்பாட்டி, ஊட்டி, இப்போது அவருக்கு வந்திருக்கிற இரண்டொரு சொல்லைப் பொறுமையாகக் கேட்டு, எல்லாம் செய்கிறாள். ஆனால் உங்கள் ருசிக் கதையை அவளும் நம்பவில்லை. அடுப்பு அவள் கைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே பையும் வந்துவிட்டது. நாருக்குப் பதில் ரப்பர் வளையம். முன்பே ஒருமுறை பேசிப் பார்த்தேன்.

"டீச்சரம்மா, தூக்கு கொண்டாங்கன்னா எல்லாம் முன்தெருக் கடைக்குப் போயிடுவாங்க. மாமாவுக்கு மருந்து யாரு வாங்குறது?"

"மழை பெஞ்சா கால்வாய் அடைக்கும்மா."

"அது யாரு போடுற குப்பையோ. என் சாம்பார்ப் பைதானா போயி அடைக்கப் போவுது?"

உங்கள் பெயரை அங்கே சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்குக் கொடுத்த வாக்கு வாயை அடைத்தது. செத்தவரின் மானம் ஒரு பக்கம், உயிரோடு படுத்திருப்பவர் ஒரு பக்கம். ஒவ்வொரு மழையிலும் இரண்டையும் மனதில் தூக்கிப் பார்ப்பேன். மழை விட்டதும் இறக்கி வைத்துவிடுவேன்.

இன்று இறக்க முடியவில்லை. பதினோரு மணிபோலக் குழாய் வாய்க்குப் போனேன். கம்பியில் ரப்பர் வளையம் போட்ட பைகள் வந்து ஒட்டத் தொடங்கியிருந்தன. எட்டிய மட்டும் இழுத்துப் போட்டேன். அடியில் இருந்தது எட்டவில்லை. நேராக உங்கள் வீட்டுக்குப் போனேன். செல்வி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பின்கட்டுக்கு அழைத்துத் தாழ்ந்த குரலில் எல்லாம் சொன்னேன். தண்ணீர், கட்டில், மாவு மேடை, குவியல், முடிச்சு. 

"அத்தையா?" என்றாள். "அத்தை கட்டுனதா?"

"ஆமா. அண்ணனுக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

முன்னறையிலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. உங்கள் வீட்டுச் சுவர் வெறும் பலகை என்பதை மறந்துவிட்டேன். நாங்கள் உள்ளே போனோம். அண்ணன் தலையை எங்கள் பக்கம் திருப்ப முயன்றுகொண்டிருந்தார். வாய் கோணி, வெகுநேரம் எடுத்து, ஒரு சொல்லை வெளியே கொண்டுவந்தார்.

"தெரியும்."

செல்வி என்னைப் பார்த்தாள். அவர் வலது கையைத் தூக்கி, இரண்டு விரலைச் சேர்த்து, காற்றில் சுற்றி, உள்ளே மடித்து, சுண்டிக் காட்டினார். வருடக்கணக்காக அந்த முடிச்சுப் போட்ட பூவைச் சைக்கிளில் சுமந்தவர் அவர். மாவு மேடையில் கிடந்தபடி பின்வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். உங்களிடம் அவரும் சொல்லவில்லை, அக்கா. அவருக்குத் தெரியாது என்று நீங்கள் நிம்மதியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. பேச்சு வந்த பிறகும்.

 செல்வி மீதியிருந்த பைக்கட்டை எடுத்து அலமாரி மேல் வைத்தாள். எறியவில்லை. "நாளைக்கு எத்தன பேரு தூக்கு கொண்டாருவாங்க டீச்சரம்மா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். மருந்துக்கு என்ன வழி என்றாள். அதுவும் எனக்குத் தெரியவில்லை. நான் தூக்கோடு வருவேன், பாக்கியத்திடம் நானே போய்ச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். பாக்கியம் என்ன சொல்வாளோ. நனைந்த தையல் மெஷினைப் பற்றி அவள் இன்னும் பேசுகிறாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மழை இறங்கிவிட்டது. கனத்த மழை. கடலேற்றத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. சன்னல் வழியாகப் பார்க்கிறேன். செல்வி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, கழியோடு குழாய் வாயில் நிற்கிறாள். குனிந்து குத்துகிறாள். நிமிர்ந்து வீட்டுப் பக்கம் பார்க்கிறாள். மறுபடி குனிகிறாள். நேற்றுவரை மழை வந்தால் துணியை எடுக்க மட்டும் வெளியே ஓடியவள்.

அக்கா, உங்களிடமிருந்து எனக்கு வந்தது சமையலும் இல்லை, துணிச்சலும் இல்லை. இந்தப் பயம்தான். எதைக் கையிலிருந்து விட்டாலும் அது எங்கே போய்ச் சேரும் என்று மனம் பின்னாலேயே ஓடுகிறது. இன்று அதில் பாதியை ஓர் இளம்பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டேன். இனி அவளாலும் மேகத்தைச் சும்மா பார்க்க முடியாது. அவளுக்கு நான் செய்தது நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை.

குழாய்ப் பக்கம் தண்ணீர் இன்னும் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று இங்கிருந்து தெரியவில்லை. அவள் கையை ஆட்டி என்னைக் கூப்பிடுகிறாள். போகிறேன்.